கண்ணை மூடினால் அம்மா முகம் வரவில்லை என்றால் பாசம் இல்லை என்று அர்த்தமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: "கண்ணை மூடி அம்மாவை நினைத்தால் மற்றவர்களுக்கு முகம் தெரிகிறதாம். எனக்கு வெறும் இருட்டுதான். இது நோயா? எனக்குப் பாசம் குறைவா? சரி செய்ய முடியுமா?"

பாசத்தைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களை அரிப்பது அதுதான் என்று தோன்றுகிறது. பாசம் குறைவே இல்லை. எனக்கும் பிறந்ததிலிருந்து இப்படித்தான். என் அப்பா இறந்து சில வருடங்கள் ஆகின்றன. அவர் முகம் ஒரு தடவைகூட எனக்குள் படமாக வந்ததில்லை. ஆனால் அவரைப் பற்றிக் கேளுங்கள், விடிய விடியச் சொல்வேன். இடது புருவத்தில் சைக்கிளிலிருந்து விழுந்த தழும்பு உண்டு, அந்த இடத்தில் மட்டும் முடி முளைக்காது. கண்ணாடியைத் துடைக்க வேட்டி நுனியைத்தான் எடுப்பார், அதற்கு முன்னால் இரண்டு தடவை வாயால் ஊதுவார். பாளையங்கோட்டை மார்க்கெட்டில் கத்தரிக்காயைக் கையில் எடுத்தால் காம்பைத்தான் பார்ப்பார். காம்பு பச்சையாக இருந்தால்தான் பையைத் திறப்பார். இதில் ஒன்றுகூட எனக்கு மறக்கவில்லை. நினைக்கும்போது தொண்டை அடைக்கத்தான் செய்கிறது. படம் ஒன்றுதான் இல்லை.

நோயும் இல்லை. இதற்கு அஃபேன்டேசியா என்று பெயர். இங்கிலாந்தில் எக்சிட்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நரம்பியல் மருத்துவர் ஆடம் ஜீமனும் அவருடைய குழுவினரும் 2015-ல் வைத்த பெயர். பெயர்தான் புதிது. பிரான்சிஸ் கால்டன் என்பவர் 1880-லேயே, 'இன்று காலை உட்கார்ந்து சாப்பிட்ட மேசையை மனதில் கொண்டுவாருங்கள், என்ன தெரிகிறது?' என்று பலரிடம் கேட்டு எழுதியிருக்கிறார். அவர் கேட்டவர்களில் அறிவியலாளர்கள் சிலர், அப்படி ஒரு காட்சி தெரியும் என்பதையே நம்பவில்லை. அதன் பிறகு நூறு வருடத்துக்கு மேல் இதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஜீமனிடம் வந்த ஒருவர், இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு சிகிச்சை செய்துகொண்ட பிறகு, அதுவரை நன்றாக வந்துகொண்டிருந்த மனப்படங்கள் நின்றுபோனதாகச் சொன்னார். அந்தச் செய்தி வெளியில் வந்ததும், 'எனக்குப் பிறந்ததிலிருந்தே இல்லையே' என்று ஆட்கள் எழுத ஆரம்பித்தார்கள். அப்படி எழுதிய 21 பேரை வைத்துத்தான் 2015 கட்டுரை. படமே வராதவர்கள் நூற்றுக்கு ஒருவர் போல இருக்கலாம் என்றும், மிக மங்கலாக வருகிறவர்களையும் சேர்த்தால் நான்கு பேர் வரை போகும் என்றும் பின்னால் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. அப்படிப் பார்த்தால் நெல்லையப்பர் கோயில் ஆனித் தேருக்கு வடம் பிடிக்கிற கூட்டத்தில் நம்மைப் போல எத்தனை பேர் இருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

எனக்கு இது தெரியவந்தது கோலத்தால். மார்கழியில் நானும் மைனியும் (அண்ணியை எங்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவோம்) வாசலில் சேர்ந்து கோலம் போடுவோம். 15 புள்ளி, இடுக்குப் புள்ளி, 8 வரை. ஒரு நாள் புள்ளி வைத்து முடித்ததும் மைனி பேசாமல் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். என்னவென்று கேட்டேன்.

"கோலம் தரையில தெரியட்டும்னு பாக்கேன். தெரிஞ்சிட்டுன்னா அது மேலயே மாவ இழுக்க வேண்டியதுதான்" என்றார்.

"வெறும் புள்ளிதான கெடக்கு மைனி, கோலம் எங்க தெரியுது?"

"ஏட்டி, ஒனக்குத் தெரியாதா? அப்போ நீ எப்படித்தான் போடுத?"

நான் கணக்கில் போடுகிறேன். நடுப்புள்ளியைச் சுற்றி ஆறு இதழ், ஒவ்வொரு இதழ் நுனிக்கும் இரண்டு பக்கமும் ஒரு வளைவு, வளைவு முடிகிற புள்ளியிலிருந்து மூன்றாவது புள்ளிக்கு ஒரு கோடு. ஒரு பக்கம் முடிந்தால் மற்ற ஐந்து பக்கத்துக்கும் அதே கணக்குதான். கை பாட்டுக்குப் போகும். முடிந்த பிறகுதான் முழுக் கோலத்தை நானும் முதல் தடவையாகப் பார்க்கிறேன். அந்தச் சந்தோஷம் மைனிக்குக் கிடையாது என்று நினைக்கிறேன், அவர் முன்னாலேயே பார்த்துவிடுகிறார். கோடு பிசகினால் என் கோலத்தில் எந்த இடத்தில் பிசகியது என்று நான் உடனே சொல்லிவிடுவேன்.

இது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தில் வில்மா பெயின்பிரிட்ஜ் என்பவரின் குழு நடத்திய ஆய்வு 2021-ல் அச்சில் வந்தது. ஓர் அறையின் படத்தைக் காட்டிவிட்டு, எடுத்து வைத்த பிறகு நினைவிலிருந்து வரையச் சொன்னார்கள். நம்மைப் போன்றவர்கள் வரைந்ததில் பொருட்கள் குறைவு, நிறமும் குறைவு. ஆனால் எது எங்கே இருந்தது என்பதில் மற்றவர்களுக்குச் சமமாகவே இருந்தார்கள். அதோடு, அறையில் இல்லாத பொருளை இருந்ததாக நினைத்து வரைந்தது மற்றவர்களைவிடக் குறைவு. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இது. நம்மிடம் காலி இடம் இல்லை, வேறு விதமாக அடுக்கி வைத்திருக்கிறோம் என்பதை அது காட்டுகிறது. திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து ஈரடுக்கு மேம்பாலம் ஏறி டவுன் ஆர்ச் தாண்டி ரத வீதிக்கு வருகிற வழியை ஒரு காட்சிகூட இல்லாமல் திருப்பம் திருப்பமாக என்னால் சொல்ல முடியும்.

'சும்மா உனக்குச் சொல்லத் தெரியவில்லை, எல்லாருக்கும் இவ்வளவுதான் தெரியும்' என்று யாராவது சொன்னால் அவர்களிடம் கண்மணிப் பரிசோதனையைச் சொல்லுங்கள். வெளிச்சமான ஒன்றை மனதில் நினைத்தாலே பெரும்பாலானவர்களுக்குக் கண்மணி சற்றுச் சுருங்கும். ஆஸ்திரேலியாவில் ஜோயல் பியர்சனின் குழு 2022-ல் வெளியிட்ட ஆய்வில், அஃபேன்டேசியா உள்ளவர்களுக்கு உண்மையான வெளிச்சத்தைப் பார்த்தபோது கண்மணி சுருங்கியது. நினைக்கச் சொன்னபோது அப்படிச் சுருங்கியதற்கான அடையாளம் இல்லை. அதை யாரும் வேண்டுமென்று நடிக்க முடியாது.

எனக்கு இதில் உண்மையாகவே வலித்த இடம் சாமி கும்பிடுவதுதான். சின்ன வயதில் குறுக்குத்துறை முருகன் கோயிலுக்குக் கூட்டிப்போய், "கண்ண மூடி முருகன முன்னால நிறுத்திக் கும்பிடு" என்பார் ஆச்சி. நான் மூடுவேன், ஒன்றும் நிற்காது. எனக்கு மட்டும் சாமி வரமாட்டேன் என்கிறாரே என்று ரொம்ப நாள் பயந்திருக்கிறேன். அனிமேஷன் படங்களுக்குப் பேர் போன பிக்சார் நிறுவனத்தின் தலைவராக இருந்த எட் கேட்மல் தனக்கு அஃபேன்டேசியா இருப்பதை வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். அவரும் திபெத்திய தியானம் பழகும்போது எதிரில் ஓர் உருண்டையை நினைத்துப் பார்க்கச் சொல்லி, முடியாமல்தான் தெரிந்துகொண்டாராம். அதைப் படித்த அன்று எனக்கு அவ்வளவு ஆறுதலாக இருந்தது. இப்போது நான் கண்ணைத் திறந்துகொண்டே கும்பிடுகிறேன். வீட்டில் இருந்தால் பெயரைச் சொல்லிக்கொண்டிருப்பேன், அதிலேயே மனது நின்றுவிடும். உருவம் வந்தால்தான் பக்தி என்று குழந்தைகளிடம் சொல்லாமல் இருப்பது நல்லது.

இதனால் ஒரு நன்மையும் உண்டு. 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி குறுக்குத்துறைக் கோயிலையே மூழ்கடித்துக்கொண்டு போனதை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். இன்றும் மழை சற்று வலுத்தால் மைனிக்கு அந்தத் தண்ணீர் கண் முன்னால் வந்துவிடுகிறது, அன்று தூக்கம் போய்விடும். எனக்கும் கவலை வரும், ஆனால் காட்சி வராது.

சரி, மூன்றாவது கேள்வி. பிறவியிலேயே இப்படி இருப்பவர்களுக்குப் படம் வரவைக்கும் என்று நிரூபிக்கப்பட்ட சிகிச்சை எதுவும் இல்லை. பயிற்சி வகுப்பு, மாத்திரை என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஆனால் இதுவரை படம் வந்துகொண்டிருந்து திடீரென்று நின்றிருந்தால், அதுவும் தலையில் அடி, பக்கவாதம், அறுவை சிகிச்சை இவற்றுக்குப் பிறகு என்றால், நரம்பியல் மருத்துவரைக் கட்டாயம் பாருங்கள். அது வேறு விஷயம். நம்மில் சிலருக்கு முகங்களை அடையாளம் காண்பதும் சிரமமாக இருக்கும், பழைய சம்பவங்களும் விவரமாக நினைவில் நிற்காது. எனக்கு முகச் சிக்கல் இல்லை. உங்களுக்கு இருந்தால் நெருங்கியவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், 'கண்டும் காணாமல் போகிறாள்' என்ற பேச்சு வராது.

அம்மா உங்களோடு இருக்கிறார்கள் என்றால் போட்டோ எடுங்கள், அதைவிட முக்கியமாக வீடியோ எடுங்கள். விசேஷத்துக்குப் பட்டுப்புடவை கட்டி நிற்கும்போது வேண்டாம். சொதிக்குத் தேங்காய்ப்பால் பிழியும்போது, யாரையாவது திட்டும்போது, போனில் சித்தியிடம் ஊர்க்கதை பேசும்போது எடுங்கள். அப்புறம் ஒரு நோட்டில் அவர்களைப் பற்றிச் சின்னச் சின்னதாக எழுதி வையுங்கள். நான் அப்பாவுக்கு அப்படி ஒரு நோட்டு வைத்திருக்கிறேன், அண்ணன் வந்தால் அதை வாங்கிப் படிக்கிறான். அவனுக்கு அப்பா முகம் நன்றாகத் தெரியும். கத்தரிக்காய்க் காம்பு அவனுக்கு நினைவில்லை.