மூன்று நாள் ஸ்காட்லாந்துப் பயணம்: எந்த லிங்க்ஸில் ஆடுவது?

கேள்வி: லண்டனில் இருக்கும் நண்பர்கள் மூன்று பேர், மே மாதம் ஸ்காட்லாந்து போய்க் லிங்க்ஸ் எனப்படும் கடலோர மணல்நில மைதானங்களில் கோல்ஃப் ஆடலாம் என்றிருக்கிறோம். கையில் மூன்று நாள்தான். எங்கள் ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண், கூடினால் திறன் குறைவு) 16, 22, 28. கார் எடுக்க விருப்பமில்லை. ஒரு ஏஜென்ட், செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரின் புகழ்பெற்ற ஓல்டு கோர்ஸ் மைதானத்தில் உறுதியான டீ டைம் (ஆட்டம் தொடங்கும் நேரம்), கிங்ஸ்பார்ன்ஸ் மைதானத்தில் ஒரு ஆட்டம், ஹோட்டல் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பேக்கேஜ் சொல்கிறார். விலையைக் கேட்டதும் தலை சுற்றுகிறது. இவ்வளவு கொடுத்து வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ஓல்டு கோர்ஸ் அந்தப் பணம் பெறாது என்பதற்காகச் சொல்லவில்லை. உங்களிடம் இருப்பது மூன்றே நாள். அதில் ஒரு நாளை ஒரு பெரிய பெயருக்காக எழுதிவைத்துவிட்டு மற்றதையெல்லாம் அதைச் சுற்றி அடுக்கினால், பாதி நேரம் பேருந்திலும் டாக்சியிலும் போய்விடும். குறுகிய பயணத்தில் முதலில் ஊரைத் தேர்ந்தெடுங்கள். ரயிலை விட்டு இறங்கி நடந்தே முதல் டீக்கு, அதாவது ஆட்டம் தொடங்கும் இடத்துக்கு, போக முடிகிற ஊராக இருக்க வேண்டும். ஒரே மைதானத்தில் இரண்டு முறை ஆட முடிந்தால் இன்னும் நல்லது. லிங்க்ஸில் முதல் ஆட்டம் காற்றும் மேடுபள்ளமும் பழகுவதிலேயே முடிந்துவிடும். அடுத்த நாள் காற்று திசை மாறியிருந்தால் அதே மைதானம் வேறு மைதானமாக இருக்கும்.

என் தேர்வு, எடின்பரோவுக்குக் கிழக்கே இருக்கும் நார்த் பெரிக். எடின்பரோ வேவர்லி நிலையத்திலிருந்து ரயிலில் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல். நிலையத்திலிருந்து வெஸ்ட் லிங்க்ஸ் மைதானம் நடக்கிற தூரம். 1832இல் தொடங்கிய கிளப் அது. பணம் கட்டும் விருந்தாளிகளுக்கும் இடம் தருகிறார்கள், முன்கூட்டியே பதிவு செய்யலாம். பார் 71, அதாவது நல்ல ஆட்டக்காரர் ஒரு சுற்றை முடிக்க எதிர்பார்க்கப்படும் அடிகள். இன்றைய மைதான வடிவமைப்பாளர் யாரும் துணியாத விஷயங்கள் அங்கே இயல்பாக இருக்கின்றன. 13ஆவது குழியில், கிரீனுக்கு (குழியைச் சுற்றிய வழவழப்பான புல்தரை) சற்று முன்னால் ஒரு தாழ்வான பழைய கல்சுவர் குறுக்கே ஓடுகிறது. உருட்டிவிட வழியில்லை, பந்தைத் தூக்கித்தான் அடிக்க வேண்டும். 15ஆவதுதான் ரெடான், உலகம் முழுக்க நகலெடுக்கப்பட்ட பார் 3. கிரீன் முன்வலது பக்கத்திலிருந்து பின்இடது பக்கமாகச் சரிகிறது. கொடியை நேராகக் குறிவைத்தால் முன்னால் இருக்கும் பங்க்கர் (மணல் குழி) பிடித்துக்கொள்ளும்; வலதுபக்கமாக இறக்கி உருளவிட்டால் பந்து தானே கொடியை நோக்கிப் போகும். 16ஆவதன் கிரீன் நடுவே ஒரு பள்ளம் வெட்டியது போல இருக்கும். தவறான பாதியில் நின்றால் மூன்று புட் (கிரீனில் பந்தை உருட்டும் அடி) சர்வசாதாரணம். 28 ஹேண்டிகேப் உள்ள நண்பருக்கும் இங்கே இடமுண்டு. தரையோடு ஓடவிட்டு ஆடத் தெரிந்தால், பலமில்லாதவர்களும் ஸ்கோர் போடலாம்.

இரண்டாம் நாளுக்கு 124 எண் பேருந்தில் கலன் என்ற ஊருக்குப் போய்விடுங்கள். ஒரே ஊரில் மூன்று மைதானம்: நம்பர் 1, 2, 3. பெயர் பெற்ற நம்பர் 1 தான் விலை கூடுதல். மற்ற இரண்டும் அதே மேட்டில், அதே மணலில், அதே காற்றில் இருக்கின்றன, கட்டணம் குறைவு. உங்கள் மூவருக்கும் நான் நம்பர் 2 சொல்வேன். மிச்சமாகும் பணத்தில் நார்த் பெரிக்கில் இன்னொரு சுற்று ஆடலாம். மே மாதக் கடைசியில் அங்கே இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும் என்பதால், மாலை நேரக் குறைந்த கட்டணம் உண்டா என்று ஒவ்வொரு கிளப்பிலும் கேளுங்கள்.

ஏஜென்ட் சொன்ன கிங்ஸ்பார்ன்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. அழகான மைதானம், சந்தேகமே இல்லை. ஆனால் அது விவசாய நிலத்தை இயந்திரம் வைத்து மேடு பள்ளமாக்கி 2000இல் திறந்தது. கட்டணமோ ஓல்டு கோர்ஸைவிட அதிகம். கடல் தெரிந்தாலே லிங்க்ஸ் என்று விளம்பரம் செய்கிறார்கள். காற்றும் கடலும் கொண்டுவந்து குவித்த மணல் நிலம், குட்டையான ஃபெஸ்க்யூ புல், மரமே இல்லாத வெளி, பந்து விழுந்ததும் கிடுகிடுவென்று ஓடும் கெட்டித் தரை, இவை இருக்கிறதா என்று பாருங்கள். செயின்ட் ஆண்ட்ரூஸிலேயே 2008இல் திறந்த காசில் கோர்ஸ், பாறை முகட்டின் மேல் இருக்கிறது. அதையும் லிங்க்ஸ் என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள்.

சரி, ஓல்டு கோர்ஸை விட மனமில்லை என்றால்? அதற்கும் வழி இருக்கிறது. அது பொது மைதானம். ஆடும் நாளுக்கு இரண்டு நாள் முன்பாக, பிற்பகல் 2 மணிக்குள் பெயர் கொடுத்தால் குலுக்கலில் சேர்த்துக்கொள்வார்கள். இரண்டு முதல் நான்கு பேர் ஒரே குழுவாகப் பெயர் கொடுக்கலாம். லண்டனில் இருந்தபடியே இணையத்தில் செய்யலாம், குலுக்கலுக்குக் கட்டணம் இல்லை. பெயர் வந்தால் மட்டும் மைதானக் கட்டணம். மே மாதத்தில் ஆளுக்கு 300 பவுண்டுக்கு மேல். ஹேண்டிகேப் சான்று கையில் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஓல்டு கோர்ஸில் வழக்கமாக ஆட்டம் கிடையாது. ஊர்க்காரர்கள் நாயோடு உலாவுவார்கள். ஆகவே வெள்ளி முதல் ஞாயிறு என்று போனால் உங்களுக்கு இரண்டு குலுக்கல்தான். திங்கள் முதல் புதன் வரை போனால் மூன்று.

அப்படிப் போவதானால் செயின்ட் ஆண்ட்ரூஸிலேயே தங்கி, நியூ கோர்ஸையும் ஈடன் கோர்ஸையும் முன்பதிவு செய்துகொள்ளுங்கள். பெயர்தான் நியூ, போட்டது 1895இல். ஓல்டு கோர்ஸுக்கு ஒட்டினாற்போல அதே மணல் நிலத்தில் இருக்கிறது. குலுக்கலில் பெயர் வராவிட்டாலும் பயணம் வீணாகாது. ஊருக்குள் ரயில் கிடையாது. லூக்கர்ஸ் ரயில் நிலையத்தில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும்.

கேள்வி: மழை கொட்டினால் பணம் திரும்பக் கிடைக்குமா? இணையத்தில் வாங்கினால் 14 நாளுக்குள் ரத்து செய்யலாம் என்கிறார்களே?

பதில்: அந்த 14 நாள் உரிமை இதற்குச் செல்லாது. பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள். குறிப்பிட்ட தேதிக்கு வாங்கும் தங்குமிடத்துக்கும் பொழுதுபோக்குச் சேவைக்கும் பிரிட்டனின் 2013 நுகர்வோர் ஒப்பந்த விதிகள் விலக்கு தருகின்றன. ஆகவே கிளப்பின் சொந்த ரத்து விதி என்ன சொல்கிறதோ அதுதான். மைதானம் மூடப்பட்டால் ஒரு விதி, மழையில் நீங்களே ஆடாமல் போனால் வேறு விதி. இரண்டையும் தனித்தனியாகப் படியுங்கள். மணல் தரை தண்ணீரை உறிஞ்சிவிடும் என்பதால் மழைக்காக லிங்க்ஸை மூடுவது அரிது. மழைக்காகப் பணம் திரும்ப வரும் என்று கணக்குப் போடாதீர்கள். நல்ல மழைக்கோட்டு வாங்குங்கள். அந்தக் காற்றில் குடை நிற்காது.

கட்டணத்தைக் கிளப்பிடமே நேரடியாக, பிரிட்டன் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டு வரை விலையுள்ள வாங்கலில், சேவை தராவிட்டால் கார்டு நிறுவனத்தையும் பொறுப்பாக்க 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு வழி செய்கிறது. நடுவில் ஏஜென்ட் வந்தால் அந்தப் பாதுகாப்பு அறுந்துபோகலாம். ஏஜென்ட் வழியாகத்தான் என்றால், ஹோட்டலும் கோல்ஃபும் ஒரே விலையில் பேக்கேஜாக எழுதித் தரச் சொல்லுங்கள். அவர் நிறுவனம் திவாலானால் உங்கள் பணத்துக்கு என்ன பாதுகாப்பு என்றும் கேளுங்கள். அந்தப் பாதுகாப்பைத் தருவது 2018 பேக்கேஜ் பயண விதிகளின்படி அவர் கடமை. ஓல்டு கோர்ஸ் நேரம் விற்கிறேன் என்பவர், அந்த மைதானத்தை நடத்தும் செயின்ட் ஆண்ட்ரூஸ் லிங்க்ஸ் டிரஸ்டின் அனுமதி பெற்றவரா என்று டிரஸ்டிடமே விசாரித்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

கேள்வி: பிப்ரவரியில் கட்டணம் வெகுவாகக் குறைகிறதே, அப்போது போகலாமா?

பதில்: லிங்க்ஸ் குளிர்காலத்திலும் சேறாகாது, அதனால் ஆட முடியும். ஆனால் பகல் குறைவு, ஒரு நாளைக்கு ஒரு ஆட்டம்தான். ஓல்டு கோர்ஸில் குளிர்கால மாதங்களில் ஃபேர்வேயில் (டீக்கும் கிரீனுக்கும் இடையே உள்ள குட்டைப் புல்வெளி) கிடக்கும் பந்தை ஒரு சிறு விரிப்பின் மேல் வைத்து அடிக்கச் சொல்வார்கள். லிங்க்ஸ் தரையில் அடிக்கும் சுகத்துக்காகத்தான் போகிறீர்கள் என்றால் ஏப்ரல் வரை பொறுத்திருங்கள்.