ஒரு நாள் கூட்டம் போதுமா?

கேள்வி: எச்.ஐ.வி. தடுப்பு, பெண்கள் மீதான வன்முறை இரண்டையும் பற்றி எங்கள் குழு ஒரு நாள் கூட்டம் நடத்தவிருக்கிறது. ஆண்களையும் பெண்களையும் சேர்த்து உட்கார வைக்கலாமா?

பதில்: முதலிலேயே வேண்டாம். ஆண்கள்தான் பேசுவார்கள், வீட்டில் அடிவாங்கும் பெண் வாயே திறக்கமாட்டார். தனித்தனியாக, வயதையும் பிரித்து, 15 முதல் 20 பேர் கொண்ட குழுக்களாகச் சில வாரங்கள் நடத்திவிட்டுப் பிறகு சேருங்கள். ஒரே நாளோடு முடித்தால் துண்டுப்பிரசுரம்தான் மிஞ்சும்.

“ஆணுறை போடச் சொல்லுங்கள்” என்று பெண்களுக்கு மட்டும் உபதேசிப்பது பெரிய தவறு. கேட்டாலே அடி விழும் வீட்டில் அது எடுபடாது. அந்தப் பேச்சை ஆண்கள் குழுவில் எடுங்கள். செய்முறையும் காட்டுங்கள்: காலாவதித் தேதி பார்ப்பது, பல்லால் கடிக்காமல் பிரிப்பது, நுனியைக் கிள்ளிப் பிடித்துக் காற்றை வெளியேற்றுவது. எண்ணெய் பட்டால் லேடக்ஸ் (ரப்பர்) உறை வலுவிழந்து எளிதில் கிழியும். பலருக்கு இது தெரிவதில்லை.

வல்லுறவுக்கு ஆளானவர் 72 மணி நேரத்துக்குள், முடிந்தவரை சீக்கிரமாக, எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையைத் தொடங்கி 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். எந்த மருத்துவமனையில் அது இரவிலும் கிடைக்கும் என்று நேரில் விசாரித்துக்கொண்டு பிறகு சொல்லுங்கள்.

கேள்விப் பெட்டி வைத்தால் எல்லோருமே சீட்டு எழுதிப் போடட்டும். கேள்வி இல்லாதவர் ‘இல்லை’ என்று எழுதலாம். கேட்டது யாரென்று தெரியாது.