பையன் விற்றுவிட்ட கடிகாரம்

அன்புள்ள ஐயா,

என் மகனுக்கு 13 வயது. அலமாரியில் கிடந்த என் மாமனாரின் கைக்கடிகாரத்தை, பழைய சாமான் வாங்கும் ஒருவரிடம் விற்றுவிட்டான். சாவி கொடுக்கும் கடிகாரம், ஓடி வருஷக்கணக்காகிறது. மாமனார் முதல் சம்பளத்தில் வாங்கி, கடைசிவரை கையில் கட்டியிருந்தது. அந்தக் காசில் ஹெட்போன் வாங்கி வந்து சந்தோஷமாகக் காட்டினான். அன்றிலிருந்து என் கணவர் அவனோடு பேசுவதில்லை. மாமியாரிடம் இன்னும் சொல்லவில்லை, தாங்கமாட்டார். இவனுக்கு எப்படிப் புரியவைப்பது?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அவசரமான காரியம். வாங்கியவரை இன்றைக்கே போய்ப் பாருங்கள். ஓடாத கடிகாரத்தை உதிரி பாகத்துக்காக வாங்குகிறவர்கள் உண்டு. டயல் ஒரு பக்கம், முள் ஒரு பக்கம் என்று பிரித்துவிட்டால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது. அவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். விஷயத்தைச் சொல்லி, அவர் கொடுத்ததற்கு மேலே கொஞ்சம் கொடுத்துக் கேளுங்கள். பணம் உங்களுடையதாக இருக்கட்டும், ஹெட்போனைப் பிடுங்க வேண்டாம். பையனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஹெட்போனைச் சந்தோஷமாகக் காட்டினான் என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான். தப்பு செய்கிறோம் என்று தெரிந்த பிள்ளை ஒளித்து வைத்திருப்பான். உங்கள் கணவர் தன் அப்பா அதற்குச் சாவி கொடுப்பதைப் பார்த்து வளர்ந்தவர். பையன் பார்த்ததோ ஓடாமல் கிடந்த ஒரு கடிகாரத்தை. முதல் சம்பளக் கதையை இவ்வளவு அழகாக எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அவனிடம் யாராவது சொன்னார்களா? சொல்லியிருந்தால் விற்றிருக்க மாட்டான் என்றே நம்புகிறேன்.

சின்னப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எங்கே புரியும் என்று நினைக்க வேண்டாம். ப்ரூஸ் ஹுட், பால் ப்ளூம் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2008-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எந்தப் பொருளையும் அச்சு அசலாக நகலெடுக்கும் இயந்திரம் என்று குழந்தைகளிடம் ஒரு பெட்டியைக் காட்டினார்கள். கட்டிக்கொண்டு தூங்கும் பொம்மையை அதில் வைக்கவே சில குழந்தைகள் சம்மதிக்கவில்லை. வைத்தவர்களில் பெரும்பாலோர் பழையதே வேண்டும் என்றார்கள். இன்னொரு சோதனையில் ஆறு வயதுப் பிள்ளைகளிடம் ஒரு பொருளைக் காட்டி, இது எலிசபெத் ராணியுடையது என்றபோது நகலைவிட அசலுக்கு அதிக மதிப்புக் கொடுத்தார்கள். வெறும் வெள்ளிச் சாமான் என்றபோது இரண்டுக்கும் ஒரே மதிப்புத்தான். ஆறு வயதுக்கே இது பிடிபடுகிறது. உங்கள் மகனுக்கு 13.

வீட்டுப் பொருளைக் கேட்காமல் விற்கக் கூடாது என்பது வேறு விஷயம். அதை ஒருமுறை கண்டிப்பாகச் சொல்லுங்கள், போதும். தாத்தாவை அவமதித்துவிட்டான் என்ற பழியை மட்டும் அவன் தலையில் ஏற்றாதீர்கள். கணவர் பேசாமல் இருக்கும் ஒவ்வொரு நாளும் அந்தப் பழிதான் ஏறுகிறது. அவருடைய துக்கம் நியாயமானது. அதை அவர் மகனிடம் வாயைத் திறந்து சொல்ல வேண்டும்: "அப்பா இதற்குச் சாவி கொடுப்பதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன்டா" என்று.

கடிகாரம் கிடைத்தால், நல்ல பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துப் பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பழைய கடிகாரங்கள் பலவற்றில் மூடியின் உட்புறம் பொடிப்பொடியாகக் கீறல் குறிகள் இருக்கும். பழுது பார்த்தவர்கள் தங்கள் அடையாளத்துக்காகக் கீறி வைப்பது அது. இருந்தால் பையன் பார்க்கட்டும். தாத்தா அதை எத்தனை தரம் சரிசெய்து சரிசெய்து கட்டியிருக்கிறார் என்று அவனுக்கே தெரிந்துவிடும்.

கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் மாமியாரிடம் சொல்லிவிடுங்கள். தாங்கமாட்டார் என்பது உங்கள் பயம். வேறு யார் வாயாலோ தெரியவந்தால்தான் அவருக்கு அதிகம் வலிக்கும். கணவர் சொல்லட்டும், பையன் பக்கத்தில் உட்காரட்டும். அந்தக் கடிகாரத்தை முழுதாக அறிந்தவர் இன்று அவர் ஒருவர்தான். அழுவார், அப்புறம் பேசுவார். பேச ஆரம்பித்ததும் அலமாரியில் மிச்சம் இருப்பதையும் எடுத்து அவர் முன் வையுங்கள். எது யாருடையது, யார் கொடுத்தது என்று அவர் சொல்லச் சொல்லப் பையனே எழுதிக்கொள்ளட்டும்.

கடிகாரம் கிடைத்ததா என்று அவசியம் எழுதுங்கள்.

அன்புடன்.