பல பழைய கேம் கன்சோல்களை ஒரே டிவியில் இணைக்க ஆட்டோமேட்டிக் ஸ்விட்ச் வாங்கலாமா?

கோத்தகிரியில் வசிக்கும் நீங்கள், கேசட் போட்டு விளையாடும் ஃபேமிகாம் வகை டிவி கேம், மெகா டிரைவ், நிண்டெண்டோ 64, முதல் பிளேஸ்டேஷன், பிளேஸ்டேஷன் 2 ஆகிய ஐந்தையும் ஒரே ஒரு ஏவி உள்ளீடு கொண்ட டிவியில் இணைக்க வேண்டும் என்றும், எதை ஆன் செய்கிறோமோ அதன் படம் தானாகத் திரைக்கு வரும்படியான ஸ்விட்ச் வாங்கினால் அது ஒழுங்காக வேலை செய்யுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேலை செய்யும், குன்னூரில் என் வீட்டில் பல ஆண்டுகளாக அப்படித்தான் வைத்திருக்கிறேன். ஆனால் பெட்டியில் எத்தனை உள்ளீடுகள் இருக்கின்றன என்று எண்ணுவதற்கு முன், ஒரு கன்சோல் ஆன் ஆகியிருக்கிறது என்பதை அந்த ஸ்விட்ச் எந்த அடையாளத்தைக் கொண்டு அறிகிறது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் வாங்கப்பட்ட ஸ்விட்சுகள்தாம் பெரும்பாலும் மூலையில் கிடக்கின்றன.

தானாக மாறும் ஸ்விட்ச் புதிய பொருள் அல்ல. 1977இல் வந்த அட்டாரி 2600 கன்சோலுடன் கொடுத்த ஆன்டெனா பெட்டியில், டிவிக்கும் கேமுக்கும் இடையே கையால் நகர்த்தும் ஸ்விட்ச் இருந்தது. நிண்டெண்டோவின் என்இஎஸ் கன்சோல் வந்தபோது அந்தக் கைவேலை போய்விட்டது: கன்சோலை ஆன் செய்தவுடன், படத்தைச் சுமந்து செல்லும் அதே ஒயரில் சிறிய டிசி மின்னழுத்தம் ஒன்றும் சென்றது, அந்த மின்னழுத்தத்தைக் கண்டவுடன் ஆன்டெனாவை விலக்கிக் கேமை இணைக்கும் வகையில் அந்தச் சிறிய பெட்டி அமைக்கப்பட்டிருந்தது. படத்தைப் பார்க்காமல், உடன் வரும் மின்னழுத்தத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பது முதல் முறை.

ஐரோப்பாவின் ஸ்கார்ட் இணைப்பும் இதே முறையைத்தான் பின்பற்றுகிறது. அதன் 21 முனைகளில் எட்டாவது முனையில் ஏறத்தாழ 12 வோல்ட் வந்தால், டிவி தானாக அந்த உள்ளீட்டுக்கு மாறும். 6 வோல்ட் அளவில் வந்தால் அகலத் திரைப் படம் என்று எடுத்துக்கொள்ளும். இணையத்தில் கிடைக்கும் மலிவான ஆட்டோமேட்டிக் ஸ்கார்ட் பெட்டிகளில் பல இந்த முனையை மட்டுமே கவனிக்கின்றன. சிக்கல் என்னவென்றால், எல்லாக் கன்சோல்களும் 12 வோல்ட் தருவதில்லை. ஐரோப்பிய சூப்பர் நிண்டெண்டோ தருகிறது. பிளேஸ்டேஷனின் ஏவி சாக்கெட்டிலோ மெகா டிரைவின் சாக்கெட்டிலோ கிடைப்பது 5 வோல்ட்தான். ஆகவே ஒரே பெட்டியில் ஒரு கன்சோல் ஒழுங்காக மாறும், மற்றொன்று ஆன் செய்தும் கண்டுகொள்ளப்படாமல் கிடக்கும். கன்சோல் பழுதாகிவிட்டது என்று எண்ணி, அதைத் திறந்து பார்த்தவர்களையும் எனக்குத் தெரியும்.

இரண்டாவது முறைதான் நம்பத்தக்கது. படச் சமிக்ஞையின் உள்ளேயே, ஒவ்வொரு கோடும் எங்கே தொடங்குகிறது என்று டிவிக்குச் சொல்லும் ‘சிங்க்’ துடிப்பு இருக்கிறது. நம் நாட்டு டிவிகளின் பால் (PAL) என்ற பட முறையில் அது வினாடிக்கு 15,625 முறையும், அமெரிக்க, ஜப்பானிய என்டிஎஸ்சி முறையில் ஏறத்தாழ 15,734 முறையும் வருகிறது. கன்சோல் உயிரோடு இருந்தால் திரை முழுக்கக் கறுப்பாக இருந்தாலும் அந்தத் துடிப்பு வந்துகொண்டே இருக்கும். எல்எம்1881 போன்ற ஒரு சிறிய சிப், மொத்தச் சமிக்ஞையிலிருந்து இந்தத் துடிப்பை மட்டும் பிரித்தெடுத்துக் கொடுத்துவிடும். துடிப்பைக் கண்டு மாறும் ஸ்விட்சுக்கு எந்தக் கன்சோல் எத்தனை வோல்ட் தருகிறது என்ற கவலையே இல்லை. ஆர்வலர்கள் பெரிதும் மதிக்கும் எட்டு உள்ளீடு கொண்ட ஜிஸ்கார்ட் ஸ்விட்ச் இப்படிச் சமிக்ஞையைப் பார்த்து மாறும் வகையைச் சேர்ந்தது.

இருந்தாலும் வெளிநாட்டவர் எழுதும் ஸ்கார்ட் பரிந்துரைகளை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. இந்தியாவில் விற்ற டிவிகளில் ஸ்கார்ட் சாக்கெட் அரிது. நம் வீடுகளில் இருப்பது படத்துக்கான மஞ்சள், ஒலிக்கான வெள்ளை, சிவப்பு பின்களும், அதிர்ஷ்டம் இருந்தால் பச்சை, நீலம், சிவப்பு என்ற கம்போனென்ட் சாக்கெட்டுகளும்தாம். மேலும் உங்களிடம் உள்ள நிண்டெண்டோ 64, உள்ளே மாற்றம் செய்யாமல், ஸ்கார்ட் சுமந்து செல்லும், சிவப்பு, பச்சை, நீலம் எனத் தனித்தனியாகப் பிரித்த ஆர்ஜிபி படத்தைத் தருவதில்லை. ஃபேமிகாம் வகைப் பெட்டிகளிலும் மஞ்சள் பின்னுக்கு மேல் எதுவும் இல்லை. எனவே உங்களுக்குத் தேவை மஞ்சள் பின் சமிக்ஞைக்கான, சிங்க் துடிப்பைக் கண்டு மாறும் ஒரு ஸ்விட்ச். பிளேஸ்டேஷன் 2க்கு மட்டும் கம்போனென்ட் ஒயர் வாங்கி டிவியில் நேரடியாகச் செருகுவது நல்லது. ஆனால் பல எல்இடி டிவிகளில் பச்சைச் சாக்கெட்டும் மஞ்சள் சாக்கெட்டும் ஒன்றே. அப்படிப்பட்ட டிவியில் இரண்டையும் ஒரே நேரத்தில் செருக இடமில்லை என்பதை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். ‘ஒரே ஒரு ஏவி உள்ளீடு’ என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்களுடையதும் அந்த வகையாக இருக்கலாம்.

ஸ்விட்சுக்குத் தனி அடாப்டர் தேவைப்படுகிறதா என்பது அடுத்து பார்க்க வேண்டியது. அடாப்டர் இல்லாத பெட்டி வசதி என்று தோன்றும். எனக்கு அது எச்சரிக்கை. படச் சமிக்ஞை 75 ஓம் மின்தடையை எதிர்பார்த்து வடிவமைக்கப்பட்டது; டிவி அந்த 75 ஓமைத் தரும்போது சமிக்ஞை சரியாக 1 வோல்ட் உயரம் இருக்கும். மலிவான பெட்டிகளில் அணைந்து கிடக்கும் கன்சோலும் முழுமையாக விலகாமல் அதே கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தால், அதுவும் ஒரு 75 ஓம் சுமையாக நின்று, சமிக்ஞை ஏறத்தாழ 0.67 வோல்ட்டாகச் சுருங்கிவிடுகிறது. படம் மங்கலாகிறது, இன்னொரு கன்சோலும் ஆன் ஆகியிருந்தால் அதன் நிழல் மெலிதாகப் பின்னணியில் ஓடுகிறது. ஒவ்வொரு உள்ளீட்டையும் தனித்தனியே பிரித்து, வெளியீட்டில் ஒரு வீடியோ ஆம்ப்ளிஃபையர் வைத்துள்ள ஸ்விட்சில் இந்தத் தொல்லை கிடையாது. அதற்கு மின்சாரம் தேவை என்பதால்தான் அடாப்டர்.

இப்போது, பலரும் எடுக்கும் குறுக்கு வழி. ஒவ்வொரு கன்சோலுக்கும் ஏவியிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் சிறிய கன்வெர்ட்டர் ஒன்றை வாங்கி, எல்லாவற்றையும் ஒரு எச்டிஎம்ஐ ஆட்டோமேட்டிக் ஸ்விட்சில் செருகிவிடலாமே என்று தோன்றும். பொருள்கள் எளிதில் கிடைக்கின்றன, விலையும் குறைவு. அந்த ஸ்விட்ச் 18ஆம் முனையில் வரும் 5 வோல்ட்டையோ எச்டிஎம்ஐ சமிக்ஞை வருகிறதா என்பதையோ பார்த்து மாறுகிறது. ஆனால் கன்வெர்ட்டருக்குத் தனி யுஎஸ்பி மின்சாரம் கொடுத்திருப்பீர்கள். கன்சோல் அணைந்திருந்தாலும் கன்வெர்ட்டர் விழித்துக்கொண்டு, நீலத் திரையையோ கறுப்புத் திரையையோ அனுப்பிக்கொண்டே இருக்கும். ஐந்து கன்வெர்ட்டர்களும் ஐந்து கன்சோல்கள் ஆன் ஆகியிருப்பதாகவே ஸ்விட்சிடம் சொல்லும்போது அது எதைத் தேர்ந்தெடுக்கும்? ஸ்விட்சில் குற்றமில்லை, அது பார்க்கும் அடையாளம் பொய்யாகிவிட்டது. ஆகவே வரிசையை மாற்றுங்கள். முதலில் ஏவி ஸ்விட்ச், அதன் வெளியீட்டில் ஒரே ஒரு கன்வெர்ட்டர், அதன் பின் டிவி. ஐந்து மலிவான கன்வெர்ட்டர்களுக்குச் செலவாகும் பணத்தை ஒரு நல்ல கன்வெர்ட்டரில் போடலாம்.

நல்லது என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. உங்கள் கன்சோல்களில் முதல் நான்கும் பெரும்பாலான ஆட்டங்களில் ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோடு போடாமல், ஒவ்வொரு முறையும் அதே கோடுகளை வரையும் 240பி படத்தைத் தருகின்றன (பால் கன்சோல் என்றால் 288பி). மலிவான கன்வெர்ட்டர்கள் இதை, ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோடு போடும் படம் (480i அல்லது 576i) என்று தவறாகப் படித்து, இரண்டு படங்களைக் குழைத்துவிடுகின்றன. அடிபட்ட வீரன் மினுக்கி மறையும் இடங்களில் அவன் காணாமலே போய்விடுவான், பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் நடப்பதற்கும் இடையே தாமதமும் கூடும். 60 ஹெர்ட்ஸ் ஆட்டத்தில் ஒரு படம் நிற்பது 16.7 மில்லிவினாடிதான், இரண்டு மூன்று படங்கள் பின்தங்கினால் குழியைத் தாண்டும் குதிப்பு தவறிவிடும். பழைய கேம்களுக்கென்றே செய்த ஓஎஸ்எஸ்சி, ரெட்ரோடிங்க் போன்ற கன்வெர்ட்டர்கள் 240பியைச் சரியாக அறிந்துகொள்கின்றன. அவற்றில் மஞ்சள் பின்னை ஏற்கும் மாடலாகப் பார்த்து வாங்க வேண்டும். ஓஎஸ்எஸ்சி தனியாக அதை ஏற்பதில்லை.

பழைய குழாய் டிவி வீட்டில் இருந்தால் கன்வெர்ட்டரே வேண்டாம். ஸ்விட்ச் படத்தைத் தாமதப்படுத்துவதில்லை என்பதால், டிவி கேமோடு வந்த துப்பாக்கியால் வாத்து சுடுவதும் அதில் வழக்கம்போல நடக்கும். எல்இடி டிவியில் அந்தத் துப்பாக்கி எப்படி இணைத்தாலும் வேலை செய்யாது. பால் மட்டுமே தெரிந்த பழைய டிவியில் அமெரிக்க அல்லது ஜப்பானியக் கன்சோலின் படம் கறுப்பு வெள்ளையாக வந்தால், அதற்கும் ஸ்விட்ச் பொறுப்பல்ல.

மலையில் வாழும் நமக்கென்று சில கவலைகள் இருக்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் சாய்ந்து மின்சாரம் போவதும் வருவதும் உங்களுக்கும் பழக்கம்தான். விளையாடும்போது மின்சாரம் போனால் கன்சோலின் ஸ்விட்சை அணைக்க மறந்துவிடுவோம். ஃபேமிகாம் வகை, மெகா டிரைவ், நிண்டெண்டோ 64, முதல் பிளேஸ்டேஷன் ஆகிய நான்கிலும் ஸ்விட்ச் இயந்திர வகை. வைத்த இடத்தில் நிற்கும். மின்சாரம் திரும்பும்போது, அணைக்காமல் விட்டவை எல்லாம் சேர்ந்து எழுந்துகொள்ளும். பிளேஸ்டேஷன் 2 மட்டும் சிவப்பு விளக்கோடு காத்திருக்கும். இரண்டு கன்சோல்கள் ஒரே நேரத்தில் ஆன் ஆனால் என்ன செய்வது என்பதில் ஸ்விட்சுகள் இரு வகைப்படும்: சில, எண்ணில் முந்திய உள்ளீட்டுக்கே முன்னுரிமை தரும், சில, கடைசியாக ஆன் ஆனதற்கு மாறும். முதல் வகையென்றால், வீட்டுக் குழந்தைகள் அதிகம் விளையாடும் கன்சோலைக் கடைசி உள்ளீட்டில் வையுங்கள். முதல் உள்ளீட்டில் வைத்தால், அவர்கள் அணைக்காமல் விட்டுச்சென்ற கன்சோல் மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிடும். எந்த வகையானாலும், ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் தனி ஸ்விட்ச் உள்ள ஸ்பைக் பஸ்டர் ஒன்றில் கன்சோல்களைப் பிரித்து மாட்டி, விளையாடும் கன்சோலுக்கு மட்டும் மின்சாரம் கொடுப்பதே என் வழக்கம். இடியோடு மழை பெய்தால் ஸ்பைக் பஸ்டரின் பிளக்கையும் சுவரிலிருந்து எடுத்துவிடுவேன். கன்சோல்களில் ஏதாவது ஒன்று ஜப்பானிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வந்ததாக இருந்தால், அதை 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகாமல் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக மட்டும் இணைக்க வேண்டும்.

படத்தில் அகலமான கறுப்புப் பட்டை ஒன்று மெல்ல மேலேறினால், அல்லது ஒலியில் ‘உம்’ என்ற ரீங்காரம் கேட்டால், எர்த் சரியில்லை என்று முதலில் ஐயப்படுங்கள். எஸ்டேட் குடியிருப்புகளிலும் பழைய வீடுகளிலும் இது சாதாரணம். பால் கன்சோலில் அந்தப் பட்டை கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும். மின்சாரமும் 50 ஹெர்ட்ஸ், படமும் 50 ஹெர்ட்ஸ் என்பதே காரணம். டிவி, ஸ்விட்ச், கன்சோல்கள் அனைத்தையும் ஒரே சுவர்ச் சாக்கெட்டிலிருந்து எடுத்தால் பெரும்பாலும் போய்விடும். போகாவிட்டால் எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

மூடுபனி வேறு ஒன்றைச் செய்கிறது. ஸ்விட்ச் வந்த பிறகு ஒயர்களை நாம் தொடுவதே இல்லை. கழற்றி மாட்டும்போது உரசலால் தானாகச் சுத்தமாகிவந்த பின்களில், மாதக்கணக்கில் அசையாமல் இருக்கும்போது ஈரத்தால் மெல்லிய கறை படிகிறது. சிங்க் துடிப்பு வலுவிழந்து, ஸ்விட்ச் ஒரு நொடி இந்தக் கன்சோல், மறுநொடி வேறொன்று என்று தாவத் தொடங்கினால், அதைப் பழுது பார்க்கக் கொடுப்பதற்கு முன் பின்களைத் துடைத்துப் பாருங்கள். செல்போன் சர்வீஸ் கடைகளில் ஐபிஏ (ஐசோப்ரொபைல் ஆல்கஹால்) என்று கேட்டால் சிறு பாட்டிலில் கொடுப்பார்கள். பஞ்சுக் குச்சியில் தொட்டுத் துடைத்து, காய்ந்தபின் மாட்டலாம். மழைக்காலம் முடிந்ததும் ஒவ்வொரு பின்னையும் அதன் சாக்கெட்டிலேயே அரைச் சுற்று சுழற்றிவிட்டாலும் போதும். கன்சோல்களை வைத்திருக்கும் அலமாரியைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி வைப்பது உதவுகிறது.

வாங்கும் இடத்தைப் பொறுத்தவரை, சென்னை ரிச்சி தெருவில் பழைய சிசிடிவி கடைகளில் கிடைக்கும் வீடியோ ஸ்விட்சர்களையும் சிலர் பரிந்துரைப்பார்கள். அவற்றில் ஆம்ப்ளிஃபையர் நன்றாகவே இருக்கும், 75 ஓமும் சரியாக இருக்கும். ஆனால் அவற்றில் ‘ஆட்டோ’ என்று எழுதியிருப்பது சில வினாடிக்கு ஒருமுறை கேமராக்களை மாற்றி மாற்றிக் காட்டும் வேலையைக் குறிக்கிறது. ஒலிக்கும் பெரும்பாலும் இடமிருக்காது. பொத்தான் அழுத்தித் தேர்ந்தெடுக்கச் சம்மதம் என்றால் மட்டும் அதை எடுங்கள். சிங்க் துடிப்பைக் கண்டு மாறும் ஸ்விட்ச் உடனே கிடைக்காவிட்டால், மின்னழுத்தத்தைப் பார்த்து மாறும் பெட்டியை வாங்குவதைவிட, அழுத்தினால் ‘டக்’கென்று மாறும் சாதாரண ஏவி செலக்டரை அதுவரை பயன்படுத்துவதே மேல் என்பது என் கருத்து. உங்கள் டிவியின் மாடலையும் பிளேஸ்டேஷன் 2இன் பின்பக்கப் படத்தையும் கீழே பதிவிட்டால், கம்போனென்ட் சாக்கெட் பற்றிப் பார்த்துச் சொல்கிறேன்.