பில் ஏன் பாஸாகவில்லை? வேலூர் வட்டார வாசகர்களின் பட்ஜெட் கேள்விகள்

அரசு வேலை ஒன்றை முடித்து, எம்-புக் (வேலையை அளந்து பதியும் அளவுப் புத்தகம்) எழுதி, டிசம்பரிலேயே பில் கொடுத்துவிட்டேன். மார்ச் முடிந்தும் ‘ஃபண்ட் வரலை’ என்கிறார்கள். அரசிடம் பணமே இல்லையா? (ஒப்பந்ததாரர், ஆற்காடு)

பணம் இருந்தாலும் பில் தள்ளிப்போகும். நம் அரசுகள் எழுதுவது ரொக்கக் கணக்கு. வேலை முடிந்த தேதி அதில் வராது. கருவூலத்திலிருந்து பணம் வெளியேறிய தேதிதான் வரும். மார்ச் 31-க்குள் உங்களுக்குப் பணம் தராவிட்டால், அந்தச் செலவு அந்த ஆண்டின் பற்றாக்குறையில் சேராது.

2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நிதிநிலை பொறுப்புடைமைச் சட்டம், நிதிப் பற்றாக்குறையை (கடன் நீங்கலான வரவைவிடக் கூடுதலாகும் செலவு) மாநில மொத்த உற்பத்தியில் 3 சதவீதத்துக்குள் வைக்கச் சொல்கிறது. நெருக்கடி வந்தால் சம்பளம், ஓய்வூதியம், வட்டி மூன்றிலும் கை வைப்பது கஷ்டம். மிஞ்சுவது உங்கள் பில்லும் காலிப் பணியிடங்களும்தான். ஏப்ரலில் கொடுத்தால் புது ஆண்டுக் கணக்கு, அவ்வளவுதான். ஏட்டில் இது சிக்கனம்; உள்ளபடி உங்களிடம் வாங்கிய வட்டியில்லாக் கடன். (சிமெண்ட் கடைக்காரருக்கு நீங்கள் கட்டும் வட்டி எந்த பட்ஜெட் புத்தகத்திலும் ஏறாது.)

3 சதவீதத்தைத் தாண்டவே முடியாதா? கொரோனா சமயத்தில் தாண்டினார்களே? (காட்பாடி)

தாண்டலாம், டெல்லி சம்மதித்தால். மத்திய அரசுக்குக் கடன் பாக்கி உள்ள மாநிலம் புதிதாகக் கடன் வாங்க அதன் ஒப்புதல் வேண்டும் என்கிறது அரசியல் சாசனத்தின் 293-வது பிரிவு. 2020-21-இல் 5 சதவீதம் வரை விட்டார்கள்; அதில் ஒரு பகுதிக்கு ரேஷன், மின்சாரச் சீர்திருத்த நிபந்தனைகள் இருந்தன.

அதே 2020-இல் இங்கே அகவிலைப்படி உயர்வு நின்றது, ஈட்டிய விடுப்பைக் காசாக்குவது நின்றது. ஓய்வு வயது 58-லிருந்து 59 ஆகி, அடுத்த ஆண்டு 60 ஆனது. ஓய்வு வயதை ஏற்றியதைச் சிக்கனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பணிக்கொடையும் மற்றப் பணப்பலன்களும் ஒத்திப்போடப்பட்டன, அப்புறம் கொடுத்தே ஆக வேண்டும்.

எனக்குப் பெரிய குறை வேறு. பாலம் கட்ட வாங்கும் கடனும் சம்பளம் போட வாங்கும் கடனும் அந்த 3 சதவீதத்தில் ஒன்றுதான். வருவாய்ப் பற்றாக்குறையை, அதாவது சம்பளம், வட்டி போன்ற அன்றாடச் செலவு அரசின் வருவாயை மிஞ்சுவதை, ஒழிக்கவும் அதே சட்டம் சொன்னது. அந்தக் கெடுவைத்தான் திருத்தித் திருத்தித் தள்ளிவைக்கிறார்கள். 2013-14 முதல் மாநிலத்துக்கு வருவாய்ப் பற்றாக்குறைதான்.

2022-இல் சொத்து வரியை ஏற்றியதற்கும் டெல்லியின் இந்த மாதிரி நிபந்தனைகளுக்கும் சம்பந்தம் உண்டா? (சத்துவாச்சாரி)

உண்டு. சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதத்தை அறிவித்தால்தான் நகர உள்ளாட்சிகளுக்கு மானியம் என்று, மத்திய வரிப் பணத்தைப் பங்கிடப் பரிந்துரைக்கும் 15-வது நிதிக் குழு நிபந்தனை போட்டது. உங்கள் வீடு 601 முதல் 1,200 சதுர அடிக்குள் என்றால், வேலூர் மாநகராட்சியில் உயர்வு 50 சதவீதம். ஆனால் எல்லாப் பழியையும் டெல்லி மேல் போடவும் முடியாது. பல ஆண்டுகள் வரியைத் தொடாமலே விட்டது நம் ஊர் அரசியல்.

சிக்கனத்தால் கடன் குறைந்த நாடு உண்டா? கிரீஸ்? (கல்லூரி மாணவி, குடியாத்தம்)

கிரீஸ் எதிர் உதாரணம். 2010-லிருந்து சம்பளமும் ஓய்வூதியமும் வெட்டப்பட்டன. பொருளாதாரம் ஏறக்குறைய கால்வாசி சுருங்கியது. கடன் சுமையைப் பொருளாதாரத்தின் அளவால் வகுத்துத்தான் பார்க்கிறார்கள்; வகுத்தி சுருங்கினால் விகிதம் ஏறத்தானே செய்யும்? நல்ல காலத்தில் செய்த சிக்கனத்தைத் தேடுங்கள்: 1990-களின் நடுவில் கனடா. அண்டை நாடான அமெரிக்கா அப்போது வளர்ந்துகொண்டிருந்தது, ஏற்றுமதி கைகொடுத்தது.

பட்ஜெட் புத்தகத்தில் எந்த வரியைப் பார்க்க வேண்டும்? (அணைக்கட்டு)

மூலதனச் செலவு, அதாவது சாலை, பாலம், கட்டடம் போன்றவற்றுக்கான செலவு. போன ஆண்டு அறிவித்த மதிப்பீட்டையும் அதே ஆண்டுக்கு இந்த ஆண்டுப் புத்தகத்தில் மாற்றி அச்சிட்ட திருத்த மதிப்பீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எவ்வளவு வெட்டினார்கள் என்பது அங்கே தெரிந்துவிடும்.