குளத்தங்கரைக் கேள்விகள்

கேள்வி: அம்மா, ஆவணியில் எங்கள் பத்து சென்ட் பண்ணைக்குட்டையில் கட்லா, ரோகு, மிர்கால் கலந்து ஒரு லட்சம் நுண்மீன் குஞ்சு விட்டேன். பத்து நாள் முன்பே கால்வாய்த் தண்ணீர் நிரப்பி, சாணமும் போட்டு வைத்திருந்தேன். இருபது நாள் கழித்து வலை இழுத்தால் எண்ணூறுகூடத் தேறவில்லை. எண்ணிக்கையில் ஏமாற்றிவிட்டார்களா?
(திருமங்கலம் வாசகர்)

பதில்: தம்பி, குஞ்சு விற்பவர்களுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். கிண்ணத்தில் அளந்து தருகிற கணக்கு முன்னே பின்னே இருக்கும். ஆனால் பாதிதான் கொடுத்தார்கள் என்றே வைத்துக்கொண்டாலும் ஐம்பதாயிரம் எண்ணூறு ஆகாதே. மண் குட்டையில் நூற்றுக்கு முப்பது, நாற்பது தேறினாலே நல்ல வளர்ப்பு. உங்களுக்கு நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறவில்லை.

முட்டை பொரிய நம் ஊர் சூட்டில் 14 முதல் 18 மணி நேரம். பொரிந்து வருவதை மீன் என்றே சொல்ல முடியாது. கண்ணாடித் துரும்பு மாதிரி ஒன்று, வயிற்றில் மஞ்சள் கரு நிறைந்த ஒரு பை. அந்தப் பை தாய் கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு, சுமார் மூன்று நாளைக்கு வரும். அதற்குள் வாய் திறந்து, குடல் வேலை செய்யத் தொடங்கி, நீந்தவும் பழகிவிட வேண்டும். கட்டுச்சோறு தீர்ந்ததும் வாய்க்கு அடங்குகிற இரை கண்ணெதிரே இருந்தாக வேண்டும். நம் கண்ணுக்குத் தூசியாகத் தெரிகிற, ரோட்டிபர் என்ற நுண்ணுயிர்தான் அந்த இரை. கட்லா, ரோகு, மிர்கால் சேர்ந்த கெண்டை இனத்துக்கு ஆயுசுக்கும் இரைப்பை கிடையாது. கிடைத்தபோது நிறையத் தின்று சேர்த்து வைத்துக்கொள்ள வழியில்லை.

அந்த இரை பெருகத்தான் சாணம் போட்டீர்கள், சரி. ஆனால் அதே பத்து நாளில் பூச்சியும் வந்து குடியேறிவிடும். மல்லாந்து நீந்துகிற பூச்சி, நீர் வண்டு, தட்டான் புழு எல்லாம் ஆறு மில்லிமீட்டர் குஞ்சை நொறுக்குத்தீனி மாதிரி தின்னும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. கல்யாணமாகி சோழவந்தானுக்கு வந்த புதிதில், கொடிக்காலை ஒட்டி இருந்த நாற்றங்கால் குட்டையை மாமனார் என் பொறுப்பில் விட்டார். இரண்டு லட்சம் குஞ்சு விட்டு, தினமும் தவிடு தூவினேன். தண்ணீர் பச்சையாக, அழகாக இருந்தது. பதினைந்தாம் நாள் வலையில் வந்ததெல்லாம் பூச்சி. அதுவும் நன்றாகக் கொழுத்த பூச்சி! மாமனார் திட்டவில்லை. வலையை உதறிவிட்டு, "யாருக்கு சோறு போட்டிருக்கேன்னு பாரும்மா" என்றார். திட்டியிருந்தால்கூட இத்தனை வருஷம் ஞாபகம் இருந்திருக்காது.

அடுத்த முறை குட்டையை அடிமண் வெடிக்கக் காயப்போடுங்கள். தண்ணீர் விடும் குழாய் வாயில் நெருக்கமான வலைத்துணி கட்டுங்கள். கால்வாயோடு குரவையும் கெளுத்தியும் வந்தால் பூச்சியே தேவலை என்றாகிவிடும். குஞ்சு விடுவதற்கு முந்தின நாள், காற்றடிக்காத நேரமாகப் பார்த்து, பத்து சென்ட்டுக்கு முக்கால் கிலோ சோப்பும் இரண்டேகால் கிலோ மலிவான சமையல் எண்ணெயும் கரைத்துத் தெளியுங்கள். மேலே வந்து மூச்சு விடுகிற பூச்சியெல்லாம் அந்தப் படலத்தில் மாட்டிச் சாகும். தட்டான் புழு தண்ணீருக்குள்ளேயே மூச்சு விடுகிற ஜாதி, எண்ணெய்க்கு மசியாது. அதைச் சின்னக் கண்ணி வலையால் அரித்துத்தான் எடுக்க வேண்டும். ஆக்சிஜன் பையைக் குட்டையில் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, சூடு சமமானபிறகு அவிழுங்கள். சலித்த கடலைப் புண்ணாக்கும் தவிடும் சம அளவு கலந்து, லட்சம் குஞ்சுக்கு முதல் ஐந்து நாள் தினம் 600 கிராம், அப்புறம் இரட்டிப்பு.

கேள்வி: தலைப்பிரட்டை தவளையாவது போல மீனுக்கும் உருமாற்றம் உண்டா?
(மதுரை, பத்தாம் வகுப்பு மாணவி)

பதில்: உண்டு கண்ணு. கால் முளைக்கிற அளவுக்கு ஆர்ப்பாட்டம் இல்லாததால் நாம் கவனிப்பதில்லை. பிறந்த குஞ்சுக்குத் தனித்தனித் துடுப்பு கிடையாது. முதுகிலிருந்து வாலைச் சுற்றி வயிறுவரை ஒரே சவ்வுதான், பாவாடைக் கரை மாதிரி. அது இடையிடையே கரைந்து முதுகுத் துடுப்பு, வால் துடுப்பு என்று பிரியும். செதில் அதற்கப்புறம்தான். நுண்மீனாக இருக்கும்போது கட்லா எது, மிர்கால் எது என்று எனக்கே தெரியாது. இரண்டு மூன்று வாரத்தில் பெரிய தலையை வைத்துக் கட்லாவையும், வாலடிக் கரும்புள்ளியை வைத்து மிர்காலையும் பிரித்துவிடுவேன். தலைப்பிரட்டையை மாற்றுகிற தைராய்டு சுரப்புதான் இங்கேயும் வேலை பார்க்கிறது.

ஆர்ப்பாட்டமாக மாறுகிறவையும் இருக்கின்றன. நாக்கு மீன் பிறக்கும்போது மற்ற மீன் போலவே பக்கத்துக்கு ஒரு கண்ணோடுதான் இருக்கும். வளர வளர வலது கண் தலையைத் தாண்டி இடப்பக்கம் வந்துவிடும், மீனும் தரையோடு படுத்துவிடும். சீனாவில் இதைப் பண்ணையிலேயே வளர்க்கிறார்கள். நம் விலாங்கு கடலில் பிறக்கும்போது கண்ணாடி இலை மாதிரி தட்டையாக இருக்கும். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் என்கிறோமே, அதற்கு முன்பே இலை வேஷமும் போட்டு முடித்திருக்கிறது! ஜப்பானியர்கள் தங்கள் ஊர் விலாங்கை முட்டையிலிருந்து அடுத்த தலைமுறை வரை தொட்டியிலேயே கொண்டுவந்தது 2010-ல்தான்.

கேள்வி: எங்கள் ஊர்க் கண்மாயில் விரால் குஞ்சுகள் சிவப்பாகத் திரண்டு மேலே வருகின்றன. அள்ளி வந்து தொட்டியில் வளர்க்கலாமா?
(மேலூர் வாசகர்)

பதில்: வேண்டாம். குஞ்சு சிவப்பாக இருக்கும்வரை தாயும் தகப்பனும் அடியிலேயே காவல் நிற்கும். அந்த நேரத்தில் தூண்டில் போட்டுப் பெரியதைப் பிடித்தால் மொத்தக் கூட்டமும் பறிபோகும். அள்ளி வந்தாலும் தொட்டியில் பெரிய குஞ்சு சின்னதை விழுங்கும். வாரம் ஒருமுறை அளவு பார்த்துப் பிரித்துவிட ஆள் வேண்டும். விரால்தான் வேண்டும் என்றால் தீவனம் தின்னப் பழகிய விரலளவுக் குஞ்சாகப் பண்ணையில் கேட்டு வாங்குங்கள். பணம் கொடுக்கும் முன் ஒரு பிடி தீவனம் போடச் சொல்லி, தின்கிறதா என்று நின்று பாருங்கள்.