பேட்கேர்ளும் நூலக வேலையும்

அன்புள்ள சார்,
நீங்கள் பரிந்துரைத்த 'பேட்கேர்ள்: இயர் ஒன்' காமிக்ஸைப் படித்தேன். ஓவியங்கள் அருமை. ஆனால் பேட்கேர்ளாக மாறும் பார்பரா கார்டனுக்குப் பிற்காலத்தில் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். அப்புறம் முன்கதை எதற்கு? வில்லன்களும் சுமார்தான். அவளை நூலகராக வைத்தது சப்பென்று இருக்கிறது. போலீஸாகக் காட்டியிருக்கலாம். என் தங்கைக்கு 13 வயது. அவளுக்குக் கொடுக்கலாமா?
- ஒரு கல்லூரி மாணவன்

அன்புள்ள தம்பி,

சில வாரங்களாகவே பார்பரா என் மனதில் ஓடிக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

வில்லன்களை விடுங்கள். கில்லர் மாத் 1967இல் அவள் அறிமுகமான கதையிலேயே இருந்தவன், அதனால் இதிலும் வருகிறான்.

முடிவு தெரிவது எப்படிக் குறையாகும்? 1988இல் வந்த 'தி கில்லிங் ஜோக்' காமிக்ஸில் பேட்மேனின் எதிரி ஜோக்கர் அவளைச் சுடுகிறான். முதுகெலும்பில் அடி. அதன்பிறகு சக்கர நாற்காலி. இது தெரிந்துதான் ஸ்காட் பீட்டியும் சக் டிக்ஸனும் 2003இல் இந்த ஒன்பது இதழ்களை எழுதினார்கள். மார்கோஸ் மார்ட்டின் வரைந்த அந்தச் சின்னப் பெண் மாடிக்கு மாடி தாவும்போது, அந்தக் கால்களைப் பார்த்து உங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லையா? நான் புத்தகத்தை மூடிவிட்டு மறுநாள்தான் தொடர்ந்தேன்.

ஆனால் நூலக வேலை சப்பென்று இருக்கிறது என்றீர்களே, அதை என்னால் விட முடியவில்லை. போலீஸாக வேண்டும் என்றுதானே அவள் தவிக்கிறாள்? போலீஸ்காரத் தந்தையே அதற்குக் குறுக்கே நிற்கிறார். இதைக்கூடக் கவனிக்காமல் பக்கம் புரட்டியிருக்கிறீர்கள்.

1967இல் கார்ட்னர் ஃபாக்ஸும் கார்மைன் இன்ஃபன்டினோவும் உருவாக்கியபோதே அவள் நூலகர். ஜோக்கரின் தோட்டா அவள் கால்களைப் பறித்தது. நூலகத்தில் கற்றதைப் பறிக்க முடியவில்லை. 1989 தொடக்கத்தில் 'சூசைட் ஸ்குவாட்' காமிக்ஸ் தொடரில் கிம் யேலும் ஜான் ஆஸ்ட்ரான்டரும் 'ஆரக்கிள்' என்றொரு முகமில்லாத ஆளைக் கொண்டுவந்தார்கள். கணினி வழியாகத் தகவல் தரும் ஆள். அது பார்பராதான் என்று 1990இல் தெரிந்தது. பிறகு பேட்மேனே அவளிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்கிறான். ஒருவர் அரைகுறையாகக் கேட்பதை வைத்து அவருக்கு என்ன வேண்டும் என்று கண்டுபிடித்து, அது இருக்கும் இடம் தெரிந்து எடுத்துக் கொடுப்பது. நூலகர் தினமும் செய்வது இதைத்தானே? அந்த வேலையின் அருமை 2003 கதையின் பார்பராவுக்குத் தெரியாது. படிக்கிற நமக்குத் தெரியும். முன்கதை எதற்கு என்று கேட்டீர்கள், இதற்குத்தான்.

எங்கள் ஊர் நூலகத்தில் ஒரு அக்கா இருந்தார். கிழிந்த காமிக்ஸையெல்லாம் மைதாப் பசை காய்ச்சி ஒட்டிவைப்பார். "நீல அட்டை, ஒருத்தன் தீவுல தனியா இருப்பானே, அந்தப் புத்தகம் வேணும்க்கா" என்று நான் கேட்டால் நேராக அலமாரிக்குப் போய் எடுத்து வருவார். பட்டா மாற்ற எங்கே மனு கொடுப்பது என்று கேட்டு வந்த கொத்தனாருக்கு, உட்காரவைத்து மனுவே எழுதிக் கொடுத்தார். எனக்குப் பத்து வயதில் அவர் மாற்றலாகிப் போய்விட்டார். அடுத்து வந்தவரிடம் அதே நீல அட்டைப் புத்தகத்தைக் கேட்டேன். பெயரைச் சொல் என்றார். எனக்குப் பெயர் தெரியாது. புத்தகம் அங்கேதான் ஏதோ ஒரு அலமாரியில் இருந்தது. எனக்கு அது திரும்பக் கிடைக்கவே இல்லை.

சப்பென்ற வேலை என்று இன்னொரு முறை எழுதுவதற்கு முன்னால், உங்கள் கல்லூரி நூலகத்தில் ஒரு நாள் முழுக்க மேசைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

தங்கையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், இல்லையா? தாராளமாகக் கொடுங்கள். 1988 கதை மட்டும் இப்போது வேண்டாம், வளர்ந்த பிறகு படிக்கட்டும். எந்தப் பக்கத்தை அவள் திரும்பத் திரும்பப் பார்க்கிறாள் என்று கவனித்து எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்